வேதாகமத்தின் மீனும் வலையும்: எபிரேய, கிரேக்கச் சொற்கள் குறித்து ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

எபிரேயத்தில் மீனுக்கு இருப்பது ஒரே ஒரு சொல்தான் என்று படித்தேன். சுறா, கெளுத்தி, மத்தி என்று ஒரு மீனின் பெயர்கூடப் பழைய ஏற்பாட்டில் இல்லையாம். அப்படியானால் இஸ்ரவேலர் மீனும் கடலும் அறியாத மக்கள், வேதத்தின் மீன்பிடிச் சொற்களில் ஆராய்வதற்கு எதுவும் இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

பிப்ரவரி 4

கேள்வியின் முன்பாதி சரி, பின்பாதி சரியல்ல. ‘தாக்’ என்பது மீன். அதன் பெண்பால் வடிவமான ‘தாகா’ பெரும்பாலும் மீன்கூட்டத்தைக் குறிக்கும். ஆதியாகமம் 1:26-இல் ‘சமுத்திரத்தின் மச்சங்கள்’ என்று நாம் வாசிப்பது இந்தத் தாகாதான். இனப்பெயர் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மையே. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேரிடுகிறான். அங்கே மீன்கள் அவனிடம் கொண்டுவரப்படுவதில்லை.

ஆனால் மீனை விட்டுவிட்டு மீன்பிடி கருவிகளைப் பாருங்கள். ஹக்கா, ஹேரெம், மிக்மெரெத், மிக்மோரெத், மெட்சோதா, சீர், சின்னா, சில்ட்சால் என்று தூண்டிலுக்கும் வலைக்கும் எறியீட்டிக்கும் தனித்தனிச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. மீன்பிடிக்கிறவனுக்குத் தய்யாக், தவ்வாக் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. மீனின் பெயர்களில் ஏழையான ஒரு நூல் கருவிகளின் பெயர்களில் இவ்வளவு செல்வமாக இருப்பது ஏன் என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி.

எருசலேமில் ‘மீன்வாசல்’ இருந்தது. நெகேமியா 13:16-இல் தீருவைச் சேர்ந்தவர்கள் மீனைக் கொண்டுவந்து ஓய்வுநாளிலும் விற்கிறார்கள். ஆகவே மலைநகரத்து மக்களுக்கு மீன் சந்தையில் வாங்கும் பொருளாக இருந்தது. பிடிக்கும் தொழில் பெரும்பாலும் பிறருடையதாக இருந்தது. அந்தப் பிறர் எகிப்தின் நைல் நதிக்காரர்கள், தீருவின் கடலோடிகள், பாபிலோனின் ஆற்றோரத்தார். மீன்பிடிச் சொற்கள் எங்கெல்லாம் குவிகின்றன என்று தேடினால் அந்நிய வல்லரசுகளைப் பற்றிய தீர்க்கதரிசனங்களில்தான் அவை அதிகம். இழை முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான்: எந்தக் கருவி என்று பார்த்து வாசித்தால் வசனத்தின் பொருளே மாறும்.

ஒரு குறிப்பு. எங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கப்படுவது பொது மொழிபெயர்ப்பு. ஆயினும் இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது பழைய திருப்புதல் என்பதால் மேற்கோள்களை அதிலிருந்தே தருகிறேன்.

பிப்ரவரி 5

நேற்று விடுபட்டது. ஆதியாகமம் 48:16-இல் யாக்கோபு தன் பேரன்மார்மேல் கைவைத்து, அவர்கள் ‘மிகுதியாய்ப் பெருகக்கடவர்கள்’ என்று வாழ்த்துகிறான். அங்குள்ள வினைச்சொல்லும் தகர, ககர மெய்களைக் கொண்டதே. பழைய யூத உரைகாரர்கள் அதை மீனோடு சேர்த்து, சமுத்திரத்து மீன்களைப்போலப் பெருகட்டும் என்று விரித்தார்கள். சினை நிறைந்த மீனைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த விரிவுரை இயல்பாகவே தோன்றும்.

பிப்ரவரி 9

ஆபகூக் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கல்தேயன், அதாவது பாபிலோனியன், மனிதரைச் சமுத்திரத்து மச்சங்களைப்போலப் பிடிக்கிறான். எபிரேயத்தில் மூன்று கருவிகள் வருகின்றன: ஹக்காவினால் இழுக்கிறான், ஹேரெமினால் பிடிக்கிறான், மிக்மெரெத்தில் சேர்க்கிறான். பழைய திருப்புதல் இவற்றைத் தூண்டில், வலை, பறி என்று மொழிபெயர்க்கிறது. அடுத்த வசனத்தில் அவன் ‘தன் வலைக்குப் பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறான்’.

பறி என்றால் கழிமுகத்திலும் குளத்திலும் மீன்பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மூங்கில் பிளாச்சிலோ ஈர்க்கிலோ முடைந்த கூடை அது. மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. பிடித்த மீனைப் போட்டுவைக்கும் கூடைக்கும் அதே பெயர் உண்டு. மிக்மெரெத் அப்படிப்பட்ட பொருள் அல்ல. அதன் உடன்பிறப்பான மிக்மோரெத் ஏசாயா 19:8-இல் வருகிறது; அங்கே நைல் நதியின் மீனவர்கள் அதைத் தண்ணீரின்மேல் விரிக்கிறார்கள். கூடையைத் தண்ணீரின்மேல் விரிக்க முடியாது. அந்த இடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்களும் வலை என்றே எழுதினார்கள். செப்துவஜிந்து எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஆபகூக்கின் மூன்று கருவிகளையும் தொழில் தெரிந்தவர் போலப் பிரிக்கிறது: தூண்டில், வீச்சுவலை, இழுவலை. தூண்டில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும். வீச்சுவலை ஒரு கைவீச்சு அளவுக்குப் பிடிக்கும். இழுவலை அந்தப் பகுதியிலுள்ள எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். படைகள் முதலில் ஆட்களையும், பிறகு ஊர்களையும், கடைசியில் நாட்டையே வாருகின்றன என்ற ஏறுவரிசை அந்தக் கிரேக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது.

எதிரிகளை வலையில் வாருவது ஆபகூக்கின் கற்பனையும் அல்ல. லகாஷ் நகரத்து அரசன் எயன்னாதுமின் வெற்றிக்கல் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் நிங்கிர்சு என்ற தெய்வம் பகைவரை ஒரு பெரிய வலைக்குள் அடைத்து, வெளியே தலைநீட்டிய ஒருவனைத் தண்டத்தால் அடிக்கிறது. மெசொப்பொத்தாமியாவில் வலை தெய்வத்தின் கையில் இருந்த ஆயுதம். வலைக்குப் பலியிடுகிறான் என்று தீர்க்கதரிசி எழுதும்போது அந்த மண்ணின் வழிபாட்டையே சுட்டுகிறார்.

பிப்ரவரி 10

பறி பற்றி ஓர் இரண்டாம் யோசனை. அங்குள்ள வினைச்சொல் ‘சேர்த்துக்கொள்ளுகிறான்’ என்பது. தூண்டில் இழுக்க, வலை பிடிக்க, சேர்ப்பதற்கு ஒரு கூடைதானே வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் நினைத்திருக்கலாம். தமிழ் வாசகனின் காதுக்கு அது இயல்பாகவும் இருக்கிறது. ஆயினும் இழுவலையும் சேர்க்கிற வலைதான். ஏசாயாவின் விரிக்கும் மிக்மோரெத் கண்முன் இருக்கையில், வலை என்பதன் பக்கமே நிற்கிறேன்.

பிப்ரவரி 11

ஓர் அன்பர், ஹேரெம் என்றால் சாபத்தீடு ஆயிற்றே, எரிகோவில் முழு அழிவுக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டதும் வலையும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார். ஒலியில் ஒன்று, வேரில் வேறு. எபிரேயத்தில் ஒரே எழுத்தாக ஒன்றிப்போன இரண்டு மூல ஒலிகள் அரபியில் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. அதை வைத்தே அறிஞர்கள் இவற்றைப் பிரிக்கிறார்கள். பிரசங்கத்தில் இரண்டையும் முடிச்சுப் போடுவது கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் இல்லை. இரண்டாம் ஹேரெமை மீகா 7:2-இல் பாருங்கள்: அவனவன் தன் சகோதரனையே வலையால் வேட்டையாடுகிறான்.

பிப்ரவரி 14

ஆமோஸ் 4:2. சமாரியாவின் சீமாட்டிகளைத் ‘துறடுகளாலும்’, அவர்களுடைய பின்சந்ததியை ‘மீன்பிடிக்கிற தூண்டில்களாலும்’ இழுத்துக்கொண்டுபோகும் நாள் வருகிறது. தூண்டிலுக்கு இங்கே வரும் சொற்கள் சின்னாவும் சீரும். இரண்டுமே முள்ளைக் குறிக்கும் சொற்களோடு நெருங்கியவை. உலோகத் தூண்டில் வருமுன் முள்ளையும் எலும்பையும் வளைத்துத் தூண்டில் செய்த காலத்தின் தடம் இச்சொற்களில் இருக்கிறது என்று கருதப்படுகிறது.

இதே முள், வேறொரு சொல்லில், 2 நாளாகமம் 33:11-இல் திரும்பவும் வருகிறது. அசீரியப் படைத்தலைவர்கள் யூதாவின் ராஜா மனாசேயைப் பிடிக்கிறார்கள். அங்குள்ள சொல் முள் என்றும் கொக்கி என்றும் பொருள்படும். பழைய திருப்புதல் முட்செடி என்று கொண்டது. கொக்கி என்று கொண்டால் வரலாற்றோடு பொருந்துகிறது. பெர்லினில் உள்ள எசர்ஹதோனின் வெற்றிக்கல்லில் அரசன் கையில் கயிறு இருக்கிறது, கயிற்றின் மறுமுனை கைதிகளின் உதட்டில் மாட்டிய வளையத்தில் போய் முடிகிறது. மீனைப் பிடிப்பதுபோல மனிதரைப் பிடித்தார்கள் என்பது அந்த அரசுகளின் நடைமுறையாகவே இருந்தது. அதே அதிகாரத்தில், மூன்று வசனங்கள் தள்ளி, விடுதலையாகி வந்த மனாசே மீன்வாசல்வரை மதில் கட்டுகிறான் என்பதையும் கவனியுங்கள்.

எசேக்கியேல் 29-இல் பார்வோன் நதியில் படுத்திருக்கும் பெரிய முதலையைப் போன்றவன். அவன் வாயில் துறடு மாட்டி, செதிள்களில் மச்சங்கள் ஒட்டிக்கொண்டிருக்க, வெளியே இழுத்துப்போடுகிறார்கள். எரேமியா 16:16-இல் ‘மீன்பிடிக்கிற அநேகரை’ கர்த்தர் அனுப்புகிறார், பிறகு வேட்டைக்காரரை அனுப்புகிறார். ஆக, எபிரேய வேதத்தில் மீன்பிடித்தல் உருவகமாக வரும்போது பெரும்பாலும் அது அச்சுறுத்தல். பிடிபடுகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. எசேக்கியேல் 47-இல் ஆலயத்திலிருந்து புறப்பட்ட ஆறு சவக்கடலில் விழுகிறது, நீர் ஆரோக்கியமாகிறது, எங்கேதி கரையில் மீன்பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள், அங்கே ஹேரெம்கள் காய விரிக்கப்படுகின்றன. மீன் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பேறிய நீர் அது. அங்கே மீன்வளம் எவ்வளவு பெருகியது என்பதை வலை காயும் மணலைக் காட்டித் தீர்க்கதரிசி சொல்கிறார். ஆபகூக்கில் பலி கேட்ட வலை இங்கே வெயிலில் காயும் வெறும் தொழில்கருவி.

பிப்ரவரி 15

எரேமியா 16:16 வாக்குத்தத்தம் அல்லவா, முந்தின வசனத்தில் ஜனங்கள் தேசத்துக்குத் திரும்புகிறார்களே என்று ஒருவர் கேட்கிறார். 15-ஆம் வசனத்தோடு சேர்த்தால் அப்படித்தான் தோன்றும். 17, 18-ஆம் வசனங்கள் அக்கிரமத்தையும் அதற்கான தண்டனையையும் பேசுகின்றன. வேட்டைக்காரர்கள் மலைகளிலும் கன்மலை வெடிப்புகளிலும் தேடிப் பிடிக்கிறார்கள். நான் அதைத் தண்டனையாகவே வாசிக்கிறேன்.

பிப்ரவரி 20

கிரேக்கத்துக்கு வருகிறேன். சுவிசேஷங்களில் வலை என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் மூன்று சொற்கள். திக்துயோன் பொதுப்பெயர். அம்ஃபிப்ளேஸ்த்ரோன் வீச்சுவலை, ‘சுற்றிலும் எறிவது’ என்பதே அதன் சொற்பொருள். சகேனே இழுவலை, மத்தேயு 13:47-இல் மட்டுமே வருகிறது.

இயேசு கரையோரமாக நடந்துபோகும்போது பேதுரு எனப்படும் சீமோனையும் அந்திரேயாவையும் காண்கிறார். மத்தேயு 4:18 அம்ஃபிப்ளேஸ்த்ரோன் என்கிறது. மாற்கு 1:16-இன் பழைய கையெழுத்துப் பிரதிகளில் வலை என்ற பெயரே இல்லை. ‘கடலில் வீசிக்கொண்டிருந்தார்கள்’ என்று மட்டும் உள்ளது. தொழில் செய்கிறவர்களின் பேச்சு அது. எங்கள் பக்கத்திலும் ‘வீசப் போயிருக்கிறார்’ என்றால் போதும், எதை என்று யாரும் கேட்பதில்லை. வீச்சுவலைக்காரன் நிற்பது இடுப்பளவு நீரில், அல்லது கரைக்குப் பக்கத்தில் ஒரு படகில். ஓரத்து ஈயக்குண்டுகள் வட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் மீன் அந்த இடைவெளியில் தப்பிவிடும். கரையில் நடக்கிறவர் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அழைப்பு நிகழ்ந்த விதம் இந்த ஒரு சொல்லால் விளங்குகிறது. கலிலேயாக் கடலின் கரைகளில் வலைக்குண்டுகள் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

சற்றுத் தள்ளி செபெதேயுவின் குமாரர் படவில் உட்கார்ந்து வலைகளைப் ‘பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’. எங்கள் ஊரில் அதை வலை பொத்துவது என்போம். மாற்கு அங்கே கூலியாட்களையும் குறிப்பிடுகிறார். படவு, பல வலைகள், கூலியாட்கள் என்றால் அது வசதியான குடும்பத் தொழில். சீமோனும் பரம ஏழை அல்லன், லூக்கா அவனுக்குச் சொந்தப் படவு தருகிறார். ஆனால் மாற்கின் காட்சியில் இரண்டு சகோதரர்களின் கையிலும் இருப்பது ஆள் ஒருவரால் கையாளக்கூடிய சிறிய வலை.

இழுவலை வேறு உலகம். நான் வளர்ந்த கடற்கரையில் அதைக் கரமடி என்பார்கள். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டு, படகு கடலை வளைத்துச் சுற்றி வந்து மறுமுனையைக் கரைசேர்க்கும். பிறகு இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்தே இழுப்பார்கள். இரு கயிறுகளும் நெருங்க நெருங்க வரிசைகளும் நெருங்கும். மடி கரையேறும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மடி அவிழ்ந்ததும் மீனோடு பாசி, நண்டு, சொறி, கடல்பாம்பு எல்லாம் கொட்டும். அதன்பின் எல்லோரும் உட்கார்ந்துதான் தரம்பிரிப்பார்கள். நின்றுகொண்டு பிரிக்க முடியாது.

இப்போது மத்தேயு 13:48-ஐ வாசியுங்கள்: ‘அது நிறைந்தபோது, அதைக் கரையில் இழுத்து, உட்கார்ந்து, நல்லவைகளைக் கூடைகளில் சேர்த்து, ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள்.’ உட்கார்ந்து என்ற அந்த ஒரு வினையெச்சம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர் சொன்னது. முந்தின வசனத்தில் ‘சகலவிதமான மீன்களையும்’ என்று தமிழில் உள்ள இடத்தில் கிரேக்கம் ‘எல்லா வகையிலிருந்தும்’ என்று மட்டுமே சொல்கிறது, மீன் என்ற சொல் அங்கே இல்லை. மடியில் வருவது மீன் மட்டுமல்ல என்பதால் எனக்குக் கிரேக்கமே நெருக்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 21

‘ஆகாதவை’ என்பது கெட்டுப்போன மீனா என்ற கேள்விக்கு. அப்போதுதான் உயிரோடு கரையேறிய மீன் கெட்டிருக்க வழியில்லை. லேவியராகமம் 11-இன்படி ‘சிறகும் செதிளும்’ இல்லாதது புசிக்கத் தகாதது. சிறகுக்கு எபிரேயத்தில் ஸ்னப்பீர், செதிளுக்குக் கஸ்கெசெத். கலிலேயாக் கடலில் பெரிய கெளுத்தி இனம் ஒன்று உண்டு, அதற்குச் செதிள் கிடையாது. இழுவலையில் அது கட்டாயம் வந்திருக்கும், யூத மீனவன் அதை எறிந்திருப்பான்.

கஸ்கெசெத் வேறோர் இடத்திலும் வருகிறது. 1 சாமுவேல் 17:5-இல் கோலியாத் அணிந்த கவசம் செதிள்களால் ஆனது என்று எபிரேயம் சொல்கிறது.

இந்தச் சட்டம் எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டதா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய யூதேயா உள்ளிட்ட பகுதிகளின் அகழ்விடங்களில் கிடைத்த மீன்முட்களைப் பரிசோதித்து, இரும்புக்காலத்தில் செதிளற்ற மீன்களும் எருசலேமில் உண்ணப்பட்டன என்று காட்டியது. உரோமர் காலத்தை நெருங்கும்போது அவை வெகுவாகக் குறைகின்றன. மத்தேயுவின் மீனவர்கள் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவர்கள்.

பிப்ரவரி 27

லூக்கா 5. இந்த அதிகாரத்துக்காகத்தான் இந்த இழையில் எழுத வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மீனவர்கள் படவுகளை விட்டிறங்கி ‘வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்’. லினன் எனப்படும் ஆளிநார் நூலால் ஆன வலையை அலசிக் காயவைக்காவிட்டால் அது மக்கிப்போகும். நைலான் வருமுன் பருத்தி வலை வைத்திருந்த எங்கள் பெரியவர்களுக்கும் இதே பாடுதான். மீன்பிடித்த நேரத்தில் பாதி நேரம் வலையைப் பேணுவதில் போனது என்று என் தகப்பனார் சொல்வார். ‘இராமுழுதும்’ பிரயாசப்பட்டதற்கும் காரணம் உண்டு. கலிலேயாக் கடல் என்ற ஏரியின் கரையிலுள்ள ஐன் கேவ் கிபுட்ஸில், அதாவது கூட்டுப்பண்ணையில், நெடுங்காலம் மீன்பிடித்து, அந்த ஏரியின் பழைய மீன்பிடி முறைகளை ஆராய்ந்த மெண்டல் நூன், இங்குள்ள திக்துயோன்களை மூன்றடுக்கு வலைகள் என்று கருதினார். நிறுத்திவைக்கும் அந்த வலையின் நூல் பகலில் மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இரவில்தான் போட முடியும்.

இதை வைத்துச் சீமோனின் பதிலைக் கேளுங்கள். அலசி முடித்த வலையை, மீன் விலகிப்போகும் பகல் வெளிச்சத்தில், திரும்பவும் நனைக்கச் சொல்கிறார் ஒரு தச்சர். ஒன்றும் கிடைக்காவிட்டால் அலசுவதும் காயவைப்பதும் முதலிலிருந்து. ‘ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே’ என்பதில் உள்ள ‘ஆகிலும்’ அத்தனை உழைப்பையும் தாங்கி நிற்கிறது.

அடுத்து, 10-ஆம் வசனம். மத்தேயுவிலும் மாற்கிலும் இயேசு சொல்வது ‘மனிதரின் மீனவர்கள்’. ஹலியேயுஸ் என்பது மீனவனுக்கு வழக்கமான சொல். ஆமோஸையும் எரேமியாவையும் கேட்டு வளர்ந்த யூதர்களின் காதில் இது இனிமையாக மட்டும் விழுந்திருக்காது. லூக்கா வேறு சொல் இடுகிறார்: சோக்ரெயோ. உயிர் என்பதும் பிடித்தல் என்பதும் சேர்ந்த சொல், உயிரோடு பிடித்தல். 4, 9-ஆம் வசனங்களில் மீன்பாட்டைக் குறிக்க ‘அக்ரா’ என்று எழுதிவிட்டு, 10-இல் அதன் முன்னே உயிரைச் சேர்க்கிறார். செப்துவஜிந்துவில் இதே சொல் யோசுவா 2:13-இல் வருகிறது. தன் தகப்பனையும் தாயையும் உயிரோடே வைக்கும்படி ராகாப் கேட்கும் இடம் அது. வலையில் வந்த மீன் கரையில் துடித்துச் சாகிறது. சீமோன் இனிப் பிடிப்பவர்கள் சாகாமலிருப்பார்கள். ‘மனுஷரைப் பிடிக்கிறவனாயிருப்பாய்’ என்ற தமிழில் அந்த உயிர் விட்டுப்போயிற்று. ‘உயிரோடே பிடிக்கிறவன்’ என்று எழுதியிருக்கலாம், தமிழ் அதை எளிதாகத் தாங்கும்.

பிப்ரவரி 28

சோக்ரெயோவை அளவுக்கு மீறி இழுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை நியாயமானதே. புதிய ஏற்பாட்டில் அது இன்னும் ஒருமுறை, 2 தீமோத்தேயு 2:26-இல் வருகிறது; அங்கே பிடிப்பவன் பிசாசு. போர்க்கைதியை உயிரோடு பிடிப்பதற்கும் அதுவே சொல். ஆகவே சொல்லில் இரக்கம் தானாக இல்லை. லூக்காவில் அந்தப் பொருளைத் தருவது, ‘பயப்படாதே’ என்று அதற்கு முன்னால் நிற்கும் சொல்லும், அக்ராவிலிருந்து சோக்ரெயோவுக்கு அவர் நகரும் விதமும். இந்த அளவில் என் கருத்தில் நிற்கிறேன்.

மார்ச் 6

யோனாவை விழுங்கியது திமிங்கிலமா என்ற பழைய கேள்வி. எபிரேயம் ‘தாக் கதோல்’, பெரிய மீன் என்கிறது, அவ்வளவே. யோனா ஜெபிக்கும் வசனத்தில் மட்டும் அது பெண்பாலாக மாறித் தாகா ஆகிறது. உடனே மீண்டும் தாக். இடைக்கால யூத உரைகாரர் ராஷி இதற்குத் தரும் விளக்கம், மித்ராஷ் எனப்படும் பழைய யூத விரிவுரை மரபு: ஆண்மீனின் வயிறு விசாலமாக இருந்ததால் யோனா ஜெபிக்கவில்லை, சினை நிறைந்த பெண்மீனுக்கு மாற்றப்பட்டு நெருக்கம் தாங்காமல்தான் ஜெபித்தான். இலக்கணக் காரணமாக எனக்கு இது போதவில்லை, ஆனால் ஒரு விகுதியைக்கூட விட்டுவிடாத அந்த வாசிப்பை மதிக்கிறேன்.

கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு வடிவங்களுக்கும் கேத்தோஸ் என்று எழுதினார்கள். அது கிரேக்கக் கதைகளின் கடற்பூதம். ஆதியாகமம் 1:21-இல் ‘மகா மச்சங்கள்’ என்று நாம் வாசிக்கும் தன்னீன்களுக்கும், யோபு 3:8-இன் லிவியாதானுக்கும் அவர்கள் அதே சொல்லை இட்டார்கள். மத்தேயு 12:40 அவர்களைப் பின்பற்றுகிறது. ஆகவே முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் கேட்டவர்கள் உயிரியல் இனம் எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆழத்தின் அச்சம் முழுவதும் அச்சொல்லில் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 7

பெலிஸ்தரின் தெய்வமான தாகோன் மீன்தெய்வம் என்று மேலே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். மீன் உருவம் என்ற விளக்கத்தை இடைக்கால உரைகாரர் தாவீது கிம்கியிடம் காணலாம். ஆனால் அத்தெய்வம் பெலிஸ்தருக்கு வெகுகாலம் முன்பே சிரியாவின் பழைய நகரங்களான மாரியிலும் உகரித்திலும் வணங்கப்பட்டது. ‘தாகான்’ என்றால் எபிரேயத்தில் தானியம். பினீக்கியரின் தெய்வக்கதைகளைக் கிரேக்கத்தில் எழுதிய பிப்லோஸ் ஊர் பிலோவும் அதைத் தானியத்தோடுதான் சேர்த்தார். மீனை விட்டுவிடலாம்.

உண்மையான மீன் யோசுவாவின் தகப்பன் பெயரில் இருக்கிறது. அரமேயத்தில் ‘நூன்’ என்றால் மீன். மகதலாவாகப் பலரும் கருதும் ஊரை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் ‘மிக்தல் நூனய்யா’, மீன்கோபுரம், என்று அழைக்கிறது.

மார்ச் 15

யோவானின் சொல் தனி. மற்ற மூவரும் மீனுக்கு இக்துஸ் அல்லது அதன் சிறுமை வடிவத்தை எழுத, யோவான் ஆறாம் அதிகாரத்திலும், இக்துஸும் வருகிற இருபத்தோராம் அதிகாரத்திலும் ஒப்சாரியோன் என்கிறார். புதிய ஏற்பாட்டில் வேறு எவரும் அச்சொல்லை எழுதவில்லை. ‘ஒப்சோன்’ என்பது அப்பத்தோடு தொட்டுக்கொள்வது. தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்கிறோமே, அதுவே. கிரேக்கர்களுக்கு வெஞ்சனம் என்றால் பெரும்பாலும் மீன் என்றாகி, இன்றைய கிரேக்கத்தில் மீனுக்கு வழங்கும் ‘ப்சாரி’ இதிலிருந்தே வந்தது. சிறுவனிடம் இருந்தவை ஐந்து வாற்கோதுமை அப்பங்களும், அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டும். அது கருவாடோ உப்புமீனோ ஆகலாம் என்பார்கள். ஆனால் 21:10-இல் அப்போது பிடித்த மீனையும் யோவான் அதே சொல்லால் அழைப்பதால் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

இங்கே ஒரு பழைய வசனம் ஒளிந்திருக்கிறது. எண்ணாகமம் 11-இல் ஜனங்கள் எகிப்தில் ‘கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்களை’ நினைத்து அழுகிறார்கள். மோசே கேட்கிறார்: ‘சமுத்திரத்து மச்சங்களையெல்லாம் அவர்களுக்காகச் சேர்த்தாலும் அவர்களுக்குப் போதுமா?’ எபிரேயத்தில் அங்கே தாக் என்பதன் பன்மை; செப்துவஜிந்துவோ மீனுக்கு வழக்கமான சொல்லை விட்டுவிட்டு ‘ஒப்சோஸ்’ என்கிறது. யோவான் 6-இல் பிலிப்பு, இருநூறு பணத்து அப்பங்களும் ‘போதாதே’ என்கிறான். கிரேக்கத்தில் மோசேயின் ‘போதுமா’வும் பிலிப்புவின் ‘போதாதே’யும் ஒரே வினைச்சொல். மோசே சொன்ன ‘சேர்த்தல்’ 12-ஆம் வசனத்தில் துணிக்கைகளைச் ‘சேர்த்து’ வைக்கும் இடத்தில் வருகிறது. அதே அதிகாரத்தின் பிற்பகுதி முழுவதும் வனாந்தரத்து மன்னாவைப் பற்றியது. ஒப்சாரியோன் என்ற அந்த வித்தியாசமான சொல்லை யோவான் ஏன் தேர்ந்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளக்கம் இதுவே. மோசேயின் கேள்விக்கு இரண்டு ஒப்சாரியோன்கள் பதிலாக வைக்கப்படுகின்றன.

யோவான் 21:5-இல் ‘புசிக்கிறதற்கு ஏதாகிலும்’ என்பதன் கிரேக்கச் சொல் ப்ரொஸ்ஃபாகியோன். அதுவும் வெஞ்சனமே. ‘பிள்ளைகளே, கறிக்கு ஏதாவது பட்டதா?’ என்று விடியற்காலையில் கரையில் நிற்கிறவர் படகைப் பார்த்துக் கேட்பது எங்கள் ஊரில் அன்றாடம் கேட்கும் வாக்கியம்.

மார்ச் 16

யோவான் 21:11-இல் வலையில் அகப்பட்ட 153 மீன்கள் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். ஒன்று முதல் பதினேழுவரை கூட்டினால் 153 வரும். அகுஸ்தீன் அந்தப் பதினேழைப் பத்துக் கட்டளைகளாகவும் ஆவியின் ஏழு வரங்களாகவும் பிரித்தார். எரோனிமுவோ மீனினங்கள் 153 என்றார். நான் இதில் நெடுநேரம் நிற்பதில்லை. லூக்கா 5-இல் ‘கூட்டாளிகள்’ வருகிறார்கள். கூட்டுத்தொழிலில் பங்கு வைக்க வேண்டும், பங்கு வைக்க எண்ண வேண்டும். பெரிய மீனை எண்ணாமல் கரையை விட்டு யாரும் நகர மாட்டார்கள்.

மார்ச் 18

தூண்டில் புதிய ஏற்பாட்டில் இல்லையா என்று முதல் கேள்வி கேட்டவரே மறுபடி கேட்கிறார். ஒரே ஓர் இடத்தில் உண்டு: மத்தேயு 17:27, அங்கிஸ்த்ரோன். ஆலய வரிக்காகப் பேதுரு தூண்டில் போட்டு, முதலில் அகப்படும் மீனின் வாயில் வெள்ளிப்பணத்தைக் காண வேண்டும். இன்று அங்குள்ள உணவகங்கள் ‘பேதுருவின் மீன்’ என்று திலாப்பியாவைத்தான் பரிமாறுகின்றன. அந்த ஏரியின் திலாப்பியா மிதவை நுண்ணுயிர்களைத் தின்பது, தூண்டிலுக்கு எளிதில் வராது. இரையைக் கவ்வும் கெண்டை இனம் ஒன்றே அது என்று மெண்டல் நூன் வாதிட்டார்.

பாபிலோனியத் தல்மூத்தின் பாவா கம்மா பகுதியில் ஒரு மரபு உள்ளது. நூனின் குமாரனாகிய யோசுவா தேசத்தைப் பங்கிட்டபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, திபேரியாக் கடலில், அதாவது கலிலேயாக் கடலில், எவரும் தூண்டில் போடலாம், ஆனால் படகுகளின் வழியை மறிக்கும் அடைப்புவலை கட்டக் கூடாது என்பது. எழுதப்பட்ட காலம் பிந்தியதாயினும் மரபு பழையதாகவே அங்கே குறிக்கப்படுகிறது. வலையும் படவும் கூட்டாளிகளும் உடைய பேதுரு, அந்த வரியைச் செலுத்துவதற்கு, ஒன்றுமில்லாதவனும் போடக்கூடிய தூண்டிலை எடுத்துக்கொண்டு போகிறான்.